கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா? முதலில் மூடியைப் பாருங்கள்

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

கோடை நெருங்கினாலே கார் சூடாவது பற்றிய கடிதங்கள் கூடிவிடும். இந்த முறை ரேடியேட்டர் மூடி, கூலன்ட் (எஞ்சினின் சூட்டை எடுத்துச் செல்லும் திரவம்) கசிவு சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: பத்து வருடம் ஓடிய சிறிய பெட்ரோல் கார். நாமக்கல் – சேலம் சாலையில் எவ்வளவு ஓட்டினாலும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறினால் மட்டும் பாதி தூரத்துக்குள் கூலன்ட் பாட்டில் கொதித்து வெளியே ஊற்றுகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: ரேடியேட்டரில் கை வைப்பதற்கு முன்னால் மூடியை மாற்றிப் பாருங்கள். சமவெளியில் ஒழுங்காக ஓடி, மலையில் மட்டும் கொதிக்கும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். சில நூறு ரூபாயில் முடியக்கூடிய வேலையாக இருக்கலாம்.

பிரஷர் குக்கரில் வெயிட் என்ன செய்கிறதோ அதைத்தான் ரேடியேட்டரில் அந்த மூடி செய்கிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைத்தால் அதே தண்ணீர் 118 டிகிரி வரை கொதிக்காது, 1.1 பார் மூடி என்றால் 121 வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடுதலாகக் கிடைக்கும். சாதாரண ஓட்டத்தில் எஞ்சினுக்குள் சுற்றும் கூலன்ட்டின் சூடு 85-லிருந்து 100 டிகிரிக்குள் இருக்கும். ஆக, நல்ல மூடி இருந்தால் கொதிநிலைக்கு இன்னும் 20, 25 டிகிரி இடம் இருக்கிறது. மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை என்றால் அந்த இடம் அப்படியே போய்விடும்.

சமவெளியில் 90 டிகிரியில் ஓடும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நெடுநேரம் ஏற வேண்டும். எஞ்சின் முழு மூச்சாக உழைக்கிறது. வண்டி மெதுவாகப் போவதால் முன்பக்கக் காற்று போதாமல் ஃபேனை மட்டும் நம்ப வேண்டியிருக்கிறது. கூலன்ட் 100-ஐத் தொடுவதும் தாண்டுவதும் இங்கே சகஜம். போதாக்குறைக்கு, 1,000 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். அழுத்தம் இல்லாத ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டில் சூடு அதிகமுள்ள இடத்தில் முதலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அவை கூலன்ட்டை வெளியே தள்ளும், பாட்டில் நிரம்பி வழியும், உள்ளே அளவு குறையும், சூடு இன்னும் ஏறும்.

எஞ்சின் முழுவதும் ஆறியபின், காலையில், மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். அடியில் ஸ்பிரிங்குடன் இருக்கும் ரப்பர் வளையம்தான் அழுத்த வால்வு. அதில் ஆழமான பள்ளம் விழுந்திருக்கிறதா, ரப்பர் கல் போல இறுகியிருக்கிறதா, உப்பியிருக்கிறதா, ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ஸ்பிரிங் நல்ல எதிர்ப்புக் காட்டி, விட்டதும் முழுதாகத் திரும்ப வேண்டும். அந்த வளையத்தின் நடுவில் சிறு பித்தளைப் பொத்தான் போல இருப்பது வெற்றிட வால்வு. அதை நகத்தால் இழுத்தால் திறந்து, விட்டதும் மூட வேண்டும். (சில மூடிகளில் அது தொங்கும்படியேதான் செய்திருப்பார்கள், அது பழுதல்ல.) மூடியின் மேல் விளிம்புக்கு உட்புறம் இன்னொரு ரப்பர் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள். பிறகு ரேடியேட்டரின் கழுத்துக்குள் விரலை விட்டு, அழுத்த வால்வு உட்காரும் படியைத் தடவுங்கள். அங்கே வெள்ளையாகவோ துருநிறத்திலோ பொருக்கு படிந்திருந்தால் புது மூடியும் உட்காராது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்; அரமோ உப்புத்தாளோ போட வேண்டாம்.

கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மூடியிலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். அதை அழுத்தச் சோதனைப் பம்ப் வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கைப்பம்ப், அழுத்த மீட்டர், மூடியை மாட்ட ஓர் அடாப்டர், அவ்வளவுதான் கருவி. 0.9 பார் மூடி பொதுவாக 0.75-க்கும் 1.05-க்கும் இடையில் திறக்க வேண்டும். 0.6-ஐ எட்டுவதற்குள் காற்றை விட்டுவிடுகிறது என்றால் அது குப்பைக்குத்தான். பக்கத்தில் கருவி இல்லையா? புது மூடி வாங்கி மாட்டிப் பார்ப்பதே சிக்கனம்.

வாங்கும்போது பழைய மூடியைக் கையோடு கொண்டுபோங்கள். தலையில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும்; சிலவற்றில் கிலோபாஸ்கலில் 88, 108 என்றோ, பி.எஸ்.ஐ. கணக்கில் 13, 16 என்றோ இருக்கும். எண் பொருந்தினால் மட்டும் போதாது. விளிம்பிலிருந்து கீழ் ரப்பர் வரையுள்ள ஆழமும் ரப்பரின் விட்டமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆழம் குறைவாக இருந்தால் மூடி அழகாக மாட்டும், திருகும், ஆனால் கீழ் ரப்பர் படியைத் தொடவே தொடாது. புது மூடி போட்டும் கொதிக்கிறது என்று சொல்பவர்களின் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிற தவறு.

இதன் பிறகும் மலையில் கொதித்தால் அடுத்து ஃபேன் (ஏ.சி. போட்டால் சுழல வேண்டும்; ஏ.சி. போடாமலும் சூடு ஏறியதும் தானாகச் சுழல வேண்டும்), அதன்பின் ஏ.சி. கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடைத்திருக்கும் மண், பூச்சி, பஞ்சு, அதன்பின் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு). ரேடியேட்டரின் உள் அடைப்பு இந்த வரிசையில் கடைசி.

கேள்வி: பாட்டிலில் கூலன்ட் மேல்கோடு வரை நிற்கிறது. அதனால் நிம்மதியாக இருந்தேன். சர்வீஸில் ரேடியேட்டர் கேப்பைத் திறந்தபோது உள்ளே ஒரு லிட்டருக்கு மேல் காலி. பாட்டில் நிறைந்திருக்கும்போது ரேடியேட்டர் எப்படிக் காலியாகும்?
– வாசகர், தேனி

பதில்: பாட்டிலைப் பார்த்து நிம்மதி அடைவது பலரும் செய்கிற ஆபத்தான பழக்கம். சூடாகும்போது கூலன்ட் விரிந்து, அழுத்த வால்வைத் தள்ளிக்கொண்டு சிறு குழாய் வழியாகப் பாட்டிலுக்குப் போகிறது. ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, வெற்றிட வால்வு திறந்து, போனது திரும்பி வர வேண்டும். உங்கள் வண்டியில் போகிறது, வரவில்லை.

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும். வெற்றிட வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். மூடியின் மேல் ரப்பர் கெட்டு, கூலன்ட்டுக்குப் பதில் வெளிக்காற்றை உறிஞ்சலாம். அல்லது பாட்டிலுக்குப் போகும் குழாயில் வெடிப்போ, முனையில் தளர்வோ, பாட்டிலுக்குள் இருக்கும் பகுதி கழன்றோ இருக்கலாம். அந்தக் குழாயின் முனை பாட்டிலின் அடிப்பகுதி வரை இறங்கி, எப்போதும் கூலன்ட்டில் மூழ்கியிருக்க வேண்டும். நடுவில் கழன்று தொங்கினால் காற்றைத்தான் இழுக்கும். குழாயைக் கழற்றி, ஒரு முனையை விரலால் மூடி, தண்ணீரில் அமிழ்த்தி, காற்றுப் பம்பால் மெல்ல ஊதிப் பாருங்கள். குமிழ் வந்தால் மாற்றிவிடுங்கள். வாயால் ஊத வேண்டாம், கூலன்ட் விஷம்.

அம்பாசடர் காலத்து வண்டிகளுக்கான மூடிகளில் மேல் ரப்பர் இல்லாதவை உண்டு. அந்த வண்டிகளில் பாட்டில் கிடையாது, வழிவது நேரே தரைக்குப் போகும். அப்படிப்பட்ட மூடி உங்கள் காரில் ஏறியிருந்தாலும் இதே குறைதான் வரும்.

ஒரு கண்காணிப்பு முறை: மாலையில் சூடாக வண்டியை நிறுத்தும்போது பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். காலையில் அளவு அதைவிட இறங்கியிருக்க வேண்டும். இறங்கவே இல்லை என்றால் திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது காற்றை உறிஞ்சுகிறது. மாதம் ஒருமுறை, ஆறிய எஞ்சினில், ரேடியேட்டர் மூடியையே திறந்து கழுத்து வரை கூலன்ட் நிற்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: காலையில் பானெட்டைத் திறந்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடக்கிறது. கேப்பைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே போய், ஹோஸ் பழையபடி ஆகிவிடுகிறது. ஹோஸை மாற்றலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூடியை மாற்றுங்கள். வெற்றிட வால்வு திறக்காததால் ஆறும்போது ஹோஸையே உள்ளிழுக்கிறது. மூடியை மாற்றியும் தொடர்ந்தால் பாட்டில் குழாய் எங்காவது நசுங்கியோ அடைபட்டோ இருக்கும். பல மாதம் இப்படிச் சப்பிய ஹோஸின் மடிப்பில் வெடிப்பு வந்திருக்கலாம், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே குறை கீழ் ஹோஸில், அதுவும் எஞ்சினை முறுக்கும்போது தெரிந்தால் கதை வேறு. அங்கே வாட்டர் பம்ப் இழுக்கும் வேகத்துக்கு ரேடியேட்டர் கொடுக்க முடியவில்லை என்று பொருள். உள் அடைப்பு இருக்கலாம். சில கீழ் ஹோஸ்களுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் துருப்பிடித்துக் காணாமல் போயிருக்கலாம்.

கேள்வி: நெடுஞ்சாலையில் வண்டி கொதித்து ஆவி வந்தால் எவ்வளவு நேரம் கழித்து மூடியைத் திறக்கலாம்? மேலே தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாமா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: ஊற்றக் கூடாது. முள் சிவப்பை நெருங்கும்போதே ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். காருக்குள் வெந்துபோகும்தான், ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர். ஓரம் கட்டும் வரை அது கைகொடுக்கும். ஆவி தெரிந்துவிட்டால், அல்லது கூலன்ட் தரையில் கொட்டிக்கொண்டிருந்தால், நிறுத்திய உடனே எஞ்சினை அணையுங்கள். பானெட்டை உடனே தூக்காதீர்கள், ஆவி அடங்கட்டும்.

திறக்கும் நேரத்தைக் கடிகாரம் மட்டும் சொல்லாது. முக்கால் மணி நேரமாவது விடுங்கள். அதன் பிறகு மேல் ஹோஸைத் துணி சுற்றிய கையால் பிடித்து அழுத்துங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது. தளர்ந்திருந்தால், தடிமனான துணியை நாலாக மடித்து மூடியின் மேல் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு முதல் தடை வரை மட்டும் திருப்புங்கள். சீறல் சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்தி, முழுக்க அடங்கியபின் அழுத்தித் திருகிக் கழற்றுங்கள். 110 டிகிரியில் அழுத்தத்துக்குள் அடங்கியிருக்கும் கூலன்ட், மூடி திறந்த அதே நொடியில் ஆவியாகிப் பீறிடும். முகமும் மார்பும் கைகளும் வெந்துபோகும். அவசரத்துக்கு இங்கே இடமே இல்லை.

ஆறாத எஞ்சினுக்குள் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஆறிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கையில் கூலன்ட் இல்லாவிட்டால் குடிநீரே போதும். ஊர் போய்ச் சேர்ந்ததும் அதை வெளியேற்றி முறையாக நிரப்பிவிட வேண்டும்.

இன்னொன்று. கூலன்ட் பெருமளவு கொட்டிவிட்டால் வெப்ப உணரி காற்றில் தொங்கும். அப்போது முள் இறங்கியும் காட்டலாம், அதை நம்பி ஓட்டாதீர்கள். ஹீட்டரைப் போட்டால் திடீரென்று குளிர்ந்த காற்று வருகிறதென்றால் உள்ளே கூலன்ட் இல்லை.

கேள்வி: வாரத்துக்கு கால் லிட்டர், அரை லிட்டர் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். கார் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மூடி புதிது. கூலன்ட் எங்கேதான் போகிறது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: ஊற்றுவதை நிறுத்திவிட்டுத் தேடத் தொடங்குங்கள். இது மூடிய அமைப்பு. நல்ல நிலையில் இருந்தால் ஆண்டு முழுவதும் ஊற்ற வேண்டிய அவசியம் ஏறக்குறைய வராது. வாரம் அரை லிட்டர் என்பது உறுதியான கசிவு. தரையில் சொட்டு இல்லாததற்குக் காரணம் எளிது: அழுத்தம் இருக்கும்போதுதான் கசிகிறது, அப்போது சுற்றியுள்ள உலோகம் சூடாக இருப்பதால் கீழே விழுவதற்குள் காய்ந்துவிடுகிறது. ஆனால் காய்ந்த கூலன்ட் தடயம் வைத்துவிட்டுத்தான் போகும். பச்சை, ரோஸ் அல்லது வெள்ளை நிறத்தில் பொருக்கு தட்டியிருக்கும். டார்ச் எடுத்துக்கொண்டு அந்தப் பொருக்கைத் தேடுங்கள்.

முதலில் ரேடியேட்டரின் இரு ஓரங்கள். இப்போதைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு முனைத் தொட்டிகளும் பிளாஸ்டிக். அலுமினியப் பற்களை மடக்கிப் பிளாஸ்டிக்கைப் பிடித்திருப்பார்கள், நடுவில் ஒரு ரப்பர். ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி அந்த ரப்பர் செத்துப்போகும். மடக்கிய பற்களின் வரிசையில் மயிரிழை போல நிறக்கோடு தெரிந்தால் அதுதான் இடம். ஹோஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தின் அடியிலும் மெல்லிய வெடிப்பு வரும்.

அடுத்து ஹோஸ் முனைகள். ஸ்க்ரூ கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் ரப்பரை வெட்டிவிடும், தளர்வாக விட்டால் கசியும். கிளாம்ப் ஹோஸின் நுனியில் உட்காராமல், குழாயில் இருக்கும் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும். சில இணைப்புகள் விடியற்காலைக் குளிரில் மட்டும் கசிந்து, சூடானதும் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதனால் பகலில் பட்டறைக்குப் போனால் 'ஒன்றும் இல்லை' என்ற பதில்தான் கிடைக்கும்.

மூன்றாவது வாட்டர் பம்ப். அதன் உடம்பில் வேண்டுமென்றே விட்டிருக்கும் சிறு துளை ஒன்று உண்டு. உள் சீல் போனால் கூலன்ட் பேரிங்குக்குள் போகாமல் அந்தத் துளை வழியாக வெளியேறும். கப்பிக்குக் கீழே கோடு போல வழிந்த தடம் இருந்தால் பம்ப் மாற்ற வேண்டிய நேரம். துளையை அடைத்துவிடச் சொல்பவர்களிடம் வண்டியை விடாதீர்கள். பேரிங் இறுகி பெல்ட் அறுந்துபோகும். டைமிங் பெல்ட் சுழற்றும் பம்ப் என்றால் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

நான்காவது காருக்குள்ளேயே. ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) கசிந்தால் முன் இருக்கையின் கால்மிதிக்கு அடியில் பிசுபிசுப்பான ஈரம் இருக்கும், இனிப்பு வாசம் அடிக்கும், முன் கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் போல மங்கும்.

இவற்றில் எங்கும் கிடைக்கவில்லையா? அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரை நிரப்பி, மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு, அதாவது 0.9 என்றால் 0.9 வரைதான், ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். முள் இறங்கினால் கசிவு இருக்கிறது. எஞ்சின் குளிர்ந்திருப்பதால் இப்போது சொட்டு காயாது, இடம் கண்ணில் படும். இறங்கவும் செய்து, வெளியே ஈரமும் இல்லை என்றால் எஞ்சினுக்குள் போகிறது.

ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனதற்கான அடையாளங்கள்: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் போல விறைப்பது, மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் கழுத்தில் இடைவிடாமல் குமிழ் வருவது, எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாசத்துடன் வெண்புகை நிற்காமல் வருவது, டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்காபி நிறத்தில் இருப்பது. ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்படலம் இருந்தால் பயப்பட வேண்டாம், சிறு தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் படிந்து அப்படி வரும். சந்தேகம் இருந்தால், ரேடியேட்டர் கழுத்தின் காற்றை நீலத் திரவத்தின் வழியாக இழுக்கும் சோதனை உண்டு. எஞ்சினுக்குள் எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள். டீசல் வண்டியாக இருந்தால் ஈ.ஜி.ஆர். கூலரையும் (எஞ்சினுக்குத் திரும்ப அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) பார்க்கச் சொல்லுங்கள், அது உள்ளுக்குள் கசிந்து கூலன்ட்டைக் குடித்துவிடும்.

கேள்வி: கசிவுக்கு ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடச் சொல்கிறார்கள். கடையில் விற்கும் லீக் பவுடர் அதைவிட நல்லதா? எம்-சீல் ஒட்டலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மஞ்சள்தூளும் லீக் பவுடரும் செய்வது ஒரே வேலை: நுண்துகள் போய்ச் சின்னத் துளையில் அடைத்துக்கொள்வது. எது துளை, எது ரேடியேட்டரின் மெல்லிய குழாய் என்று அந்தத் துகளுக்குத் தெரியாது. ஹீட்டர் கோரிலும், பாட்டில் குழாயிலும், மூடியின் வெற்றிட வால்விலும் அதே துகள்தான் போய் உட்காரும். நடுக்காட்டில் ஊர் வந்து சேர வேறு வழியே இல்லாதபோது ஒருமுறை செய்யலாம். செய்தால் அந்த வாரமே முழு அமைப்பையும் அலசி, கசிவைச் சரிசெய்துவிட வேண்டும்.

எம்-சீல் போன்றவை காய்ந்த, எண்ணெய்ப் பசை இல்லாத, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிய இடத்தில்தான் பிடிக்கும். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் இடம் சூட்டில் ஓயாமல் விரிந்து சுருங்குவதால் அங்கே நிலைக்காது. பழைய பித்தளை ரேடியேட்டரை ரேடியேட்டர் பட்டறையில் கொடுத்து ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், அது நல்ல வேலை. பிளாஸ்டிக் தொட்டி வெடித்தால் மாற்றுவதே வழி.

கேள்வி: எங்கள் பகுதியில் போர் தண்ணீர்தான். குளிர்ப் பிரதேசமும் இல்லை. கூலன்ட்டுக்குப் பதில் தண்ணீரே ஊற்றினால் என்ன? வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்? பச்சை, ரோஸ் எது வாங்குவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே, நமக்கு அது தேவையில்லைதான். நமக்கு வேண்டியவை மற்ற இரண்டு: கொதிநிலையை உயர்த்துவது, அலுமினியமும் இரும்பும் அரிக்காமல் காப்பது. போர் தண்ணீரின் கால்சியம், மக்னீசியம் உப்புகள் சூடான உலோகத்தில்தான் முதலில் படியும், அதாவது ஹெட்டைச் சுற்றி. வெந்நீர்ப் பானையின் அடியில் படிவதே அங்கும் படிந்து சூட்டை வெளியே விடாமல் தடுக்கும். குளோரைடு அலுமினியத்தில் ஊசித்துளை போடும். அந்தத் துளைகள்தான் ஐந்தாறு வருடம் கழித்துக் கசிவாக வருகின்றன.

ஆர்.ஓ. தண்ணீர் போர் தண்ணீரைவிட மேல். ஆனால் குடிப்பதற்கு ஏற்றபடி அதில் உப்பை விட்டுவைத்திருப்பார்கள். பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. அடர்கூலன்ட் என்றால் பாதிக்குப் பாதி கலக்குங்கள். 'அப்படியே ஊற்றலாம்' என்று போட்டிருந்தால் தண்ணீர் சேர்க்கவே கூடாது. அடர்கூலன்ட்டைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பது தவறு, அது சூட்டைக் கடத்துவதில் தண்ணீருக்குக் கிட்டவே வராது.

நிறத்தை வைத்து வாங்காதீர்கள். நிறம் வெறும் சாயம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கிறதோ அதைப் பாருங்கள், டப்பாவில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற தரக்குறியீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய கனிம வகை ஏறக்குறைய இரண்டு ஆண்டு, கரிம அமில வகை ஐந்து ஆண்டு வரை உழைக்கும். இரண்டையும் கலந்தால் அரிப்புத் தடுப்பு பாழாகும், சில சமயம் கூழ் போலத் திரண்டு அடைக்கும்.

கேள்வி: உதகையில் இருக்கிறோம். 0.9 மூடிக்குப் பதில் 1.3 போட்டால் மலையில் கொதிக்காது என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். சரியா?
– வாசகர், உதகை

பதில்: வேண்டாம். மூடியின் எண், வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்ற கணக்கு. உதகை 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதிக்கும். ஆனாலும் 0.9 மூடி சரியாக இருந்தால் ரேடியேட்டருக்குள் 115 டிகிரி வரை தாங்கும். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே. அது போதும். 1.3 போட்டால் அந்தக் கூடுதல் அழுத்தம் பழைய ஹோஸ், ஹீட்டர் கோர், பிளாஸ்டிக் தொட்டி இவற்றின் மேல்தான் விழும். 1.4 பார் மூடியோடு வரும் கார்களும் உண்டு. ஃபோக்ஸ்வாகன் போன்றவற்றில் மூடி ரேடியேட்டரில் இல்லாமல் பாட்டிலின் தலையில் மரை போட்டு இருக்கும். அங்கே பாட்டிலே அழுத்தத்துக்குள் இருப்பதால் அதையும் சூடாகத் திறக்கக் கூடாது. அவற்றின் ஹோஸும் தொட்டியும் அந்த அழுத்தத்துக்கென்றே செய்தவை.

கேள்வி: சூடாகாமல் இருக்க தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார் மெக்கானிக். அப்படியே ஓட்டலாமா?
– வாசகர், மதுரை

பதில்: திரும்பப் போடச் சொல்லுங்கள். எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வராமல் பெட்ரோல் அதிகம் குடிக்கும், ஆயிலில் ஈரம் சேரும். தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும் அமைப்பு பல எஞ்சின்களில் உண்டு. அவற்றில் வால்வைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்குவழியில் சுற்றி, வண்டி முன்பைவிடச் சூடாகும். புதிய தெர்மோஸ்டாட்டைக் கயிற்றில் கட்டி வெந்நீரில் தொங்கவிட்டு, 82-லிருந்து 88 டிகிரிக்குள் (அதன் மேல் எழுதியிருக்கும்) திறக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டலாம்.

கேள்வி: கூலன்ட்டை நானே மாற்ற ஆசை. மாற்றியபின் காற்று அடைத்துக்கொண்டு சூடாகிறது என்கிறார்களே, எப்படித் தவிர்ப்பது?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சமதளத்தில், ஆறிய எஞ்சினில், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மூடியைத் திறந்து, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் வடிகுழாயைத் திறந்துவிடுங்கள். பிளாஸ்டிக் திருகு, பலம் காட்டாதீர்கள். பாட்டிலையும் கழற்றிக் கழுவுங்கள். டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும் வரை ஓட்டி, ஆறவிட்டு வடியுங்கள். தெளிவாக வரும் வரை திரும்பச் செய்யுங்கள்.

இங்கேதான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். ரேடியேட்டரை வடித்தாலும் எஞ்சின் பிளாக்கில் கணிசமான தண்ணீர் தங்கிவிடும். மேலே 50:50 கலவையை ஊற்றினால் உள்ளே இருப்பது 30:70 ஆகிவிடும். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர் என்று இருந்தால், முதலில் 2 லிட்டர் அடர்கூலன்ட்டை அப்படியே ஊற்றி, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். விகிதம் தானாகச் சரியாகும்.

மெதுவாக ஊற்றுங்கள். காற்று வெளியேறும் திருகு இருந்தால் அதைத் திறந்து வைத்து, குமிழ் இல்லாமல் வழிந்ததும் மூடுங்கள். இல்லையென்றால் மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அவ்வப்போது அழுத்திக்கொண்டே, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிடுங்கள். திறந்ததும் கழுத்தில் அளவு சட்டென்று இறங்கும், நிரப்புங்கள். குமிழ் நின்றதும் மூடியைப் போட்டு, பாட்டிலில் இரு கோடுகளுக்கு நடுவே விடுங்கள். ஹீட்டரில் நல்ல சூடான காற்று வர வேண்டும். குளிர்ந்து வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. மறுநாள் காலை மூடியைத் திறந்து பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்க்க வேண்டும்.

வடித்த கூலன்ட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டாதீர்கள். அது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், குழந்தையும் குடித்துவிடும். கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து உயிர்போகும். குளிர்பானப் பாட்டிலில் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். மூடிய கேனில் எழுதி ஒட்டி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். யாராவது குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அந்த டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஏ.சி. போட்டு நிறுத்தினால் முன்பக்க இருக்கைக்குக் கீழே சொட்டுகிறது. கூலன்ட்டா?
– வாசகி, சென்னை

பதில்: வெள்ளைக் காகிதத்தில் பிடித்துப் பாருங்கள். நிறமில்லாமல், வாசமில்லாமல், விரலில் தேய்த்தால் வழுக்காமல் இருந்தால் ஏ.சி.யின் தண்ணீர்தான், கவலை வேண்டாம். நிறமும் வழுவழுப்பும் இருந்தால் கூலன்ட். அன்றைக்கே பட்டறையில் காட்டி அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.